வாயில் ஆணி வைத்திருந்தவர்

“…ஆச்சுங்களா, அதனால இன்னிக்கு நான் பாடிப் போறதா இல்லீங்க.”

ஏரிக்குக் கீழே இருக்கிற பொட்டலில், இரண்டு ஊர் சனமும் கூடி நிற்க, நடுக்கோட்டின்மேல் நின்றுகொண்டு ஒருவர் இப்படிச் சொன்னார். சடுகுடு ஆட வந்தவர் சொல்லும் பேச்சா இது? எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகம் செத்துப் போயிற்று. அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார், பின்னால் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆளைத் தெரியாமல் அதைக் கேட்டால், “இதில் என்ன இருக்கிறது?” என்று போய்விடுவீர்கள்.

பெயரை எழுதப் போவதில்லை. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. லாடக்காரர் என்றால் கடத்தூர்ச் சந்தைக்கு வரும் எந்த வண்டிக்காரனுக்கும் தெரியும். எங்கள் ஊரிலிருந்து சந்தைக்குப் போகும் வண்டிப்பாதையில் ஒரு வேப்பமரம். அதனடியில்தான் அவர் தொழில். மாட்டுக்குக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் செதுக்கி, தகட்டை வைத்து ஆணி அடிப்பார். ஒரு கையில் சுத்தி, ஒரு கையில் குளம்பு. ஆணிக்கு வாயை விட்டால் வேறு இடம் ஏது? ஏழெட்டு ஆணிகளை உதட்டில் கடித்துக்கொண்டுதான் குனிவார்.

அந்த நேரம் பார்த்து எவனாவது பாதையில் போவான். சும்மா போக மாட்டான். “என்னங்க, வேலையா?” என்பான். அவன் கேட்டது வாய்ச்சொல்லுக்கு. பதிலை எதிர்பார்த்தா கேட்டான்? ஆனால் இவர் சுத்தியைக் கீழே வைப்பார். உள்ளங்கையை வாய்க்குக் கீழே பிடித்து ஆணிகளை ஒவ்வொன்றாக உமிழ்வார். முகத்தைத் துடைப்பார்.

“ஆமாங்க, வேலைதானுங்க. நீங்க சந்தைக்குங்களா?”

பிறகு ஆணிகளை மறுபடியும் ஒவ்வொன்றாக உதட்டில் செருகிக்கொண்டு குனிவார். இரண்டு ஆணி இறங்குவதற்குள் அடுத்தவன் வருவான்.

“யோவ், மாடு கால கட்டிக்கிட்டுக் கெடக்குது. நீ ஊரு நாயம் பேசற” என்று மாட்டுக்காரன் கத்துவான்.

“கேட்டவரு கேட்டபடியே போவாருங்களா? ஒரு வார்த்தைதானுங்களே.”

“தலைய ஆட்டினாப் பத்தாதா?”

“தல ஆட்டத்தான் மாடு இருக்குதுங்களே. நான் வேற எதுக்குங்க?”

இதுதான் அவர். யாராவது ஒன்று கேட்டால் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. கேட்டவன் பெரியவனா சின்னவனா, தெரிந்தவனா தெரியாதவனா என்பதெல்லாம் இல்லை. கேட்டவனைப் பதில் இல்லாமல் நிறுத்துவது, பந்தியில் உட்கார்ந்தவனை இலை போடாமல் எழுப்புவது மாதிரி அவருக்கு.

இதை அவர் சம்சாரம் அவர் எதிரிலேயே கேலி பேசும். அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். “இவரப் பாடையில வெச்சுத் தூக்கிட்டுப் போறப்ப எதுக்கால ஒருத்தரு வந்து ‘எங்கீங்க பயணம்’னு கேட்டாக்க, எந்திரிச்சு உக்காந்து ‘சுடுகாட்டுக்குங்க’ன்னு சொல்லிட்டுத்தான் படுப்பாரு” என்று ஒரு நாள் சொன்னது. அவர் யோசித்தார். “அன்னிக்கு என்னக் கேக்க மாட்டாங்க புள்ள, ஒன்னத்தான் கேப்பாங்க. நீதான் சொல்லோணும்” என்றார். அந்தம்மா சிரித்ததா அழுததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்லப்போகும் சடுகுடு நடந்ததற்கு அப்புறம், உலகச் சண்டைக் காலத்தில், ஒரு சங்கதி. இரும்பு கிடைக்கவில்லை. லாடம் அடிக்கத் தகடே இல்லை. அப்போதும் சந்தை நாளில் விடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். வருகிற வண்டிக்காரன் எல்லாம் கேட்பான், “லாடம் இருக்குதுங்களா?” “இல்லீங்க. இரும்பு வர்லீங்க. மாட்டக் கல்லு ரோட்ல வுடாம மண்ணுப் பக்கமா ஓட்டிட்டுப் போங்க.” காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பேச்சு. எனக்குப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. ஒரு சிலேட்டில் ‘இரும்பு இல்லை’ என்று பெரிதாக எழுதிக் கொண்டுபோய் மரத்தில் மாட்டுங்கள் என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“எழுத்து நல்லாருக்குதுங்க தம்பி. ஆனா இது படிக்கத் தெரிஞ்சவருக்கு மட்டும் சொன்ன மாதிரில்ல ஆவும்?”

வேலையே இல்லாத மரத்தடியில், இல்லை என்று சொல்வதற்காகவே ஒரு மனுசன் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று ஒருவன் இருந்தான். அவருடைய மச்சினன், அந்தம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். லாடக்காரர் மகனுக்குக் காது குத்தியபோது வந்த வினை அது. எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மச்சினன் சீர்த்தட்டோடு புறப்பட்டு வருகிற வழியில் வண்டி அச்சு முறிந்துவிட்டது. இங்கே நல்ல நேரம் போகிறது, போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். கடைசியில் லாடக்காரர், ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் குழந்தையை வைத்துவிட்டார். குத்தி முடித்துக் குழந்தை வீரிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் மச்சினன் வந்தான். பார்த்தான். தட்டை வாசற்படியில் வைத்தான். திரும்பிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் இரண்டு வருசம் பேச்சில்லை. இவர் மூன்று தடவை அந்த ஊருக்கு நடந்தே போனார். “மாப்ள, நான் பண்ணுனது தப்புங்க” என்று வாசலில் நின்று சொன்னார். மச்சினன் கயிற்றுக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக்கொண்டான். அந்தம்மாவோ தம்பி பேச்சு வந்தாலே அடுப்பை ஊதப் போய்விடும், அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஏரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சடுகுடு ஆடும். ஜெயித்த ஊருக்கு ஒரு கிடா. பக்கத்துக்கு ஏழு பேர். எங்கள் ஆட்டத்தில் செத்தவன் செத்தவன்தான், திரும்ப எழுந்து வருவது கிடையாது. செத்தவர்கள் புளியமரத்துப் பக்கம் வரிசையாக உட்கார வேண்டும். ஒரு பக்கத்தில் ஏழு பேரும் உட்கார்ந்தால் ஆட்டம் முடிந்தது. ‘சடுகுடு’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போவதை நாங்கள் பாடிப் போவது என்போம். பாட்டு நடுவில் அறுந்தாலும் செத்தான்தான்.

லாடக்காரர்தான் எங்கள் தலை. மாட்டைச் சாய்க்கிற ஆள் அல்லவா, அவரைப் பிடித்து நிறுத்துவது லேசில்லை. பாட்டும் உலைத்துருத்தி மாதிரி நீளம். நான் மூன்றாவது ஆளாகச் செத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராகச் செத்து ஆறு பேர் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் பக்கம் மிச்சம் அவர் ஒருவர். அந்தப் பக்கம் மிச்சம் இரண்டு பேர். ஒருவன் நெட்டையன். இன்னொருவன் அந்த மச்சினன்.

இவர் பாடிப் போனார். பம்பையும் தப்பட்டையும் காதைப் பிளந்தன. நெட்டையனை முதல் வீச்சிலேயே தொட்டுவிட்டார். மச்சினன் பின்வாங்கி மூலைக்குப் போனான். இருவரும் ஒரு கை தூரத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள். மச்சினன் வாய் அசைந்தது. இவர் உதடும் அசைந்தது. பாட்டுக்கு அசைகிற அசைவு இல்லை அது. எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்புறம் அவர் கை நீண்டது, மச்சினன் தோளைத் தொட்டது. மச்சினன் பிடிக்கக்கூட இல்லை, மரம் மாதிரி நின்றான். இவர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று நாங்கள் குதிக்கிறோம். விசில் ஊதுகிறது.

ஊதியவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். கைக்குழந்தையும் சம்சாரமுமாக எங்கள் ஊருக்கு வந்து இரண்டு வருசம். இரண்டு ஊருக்கும் உறவில்லாதவர் என்றுதான் அவரை நடுவில் நிறுத்தினோம். “பாட்டு அறுந்துவிட்டது. இவர் நடுவில் பேசினார். அவுட்” என்றார், பாடம் சொல்கிற குரலில்.

“எவன்டா சொன்னது?” “அந்தூருக்காரங்கிட்ட எத வாங்கித் தின்ன?” என்று எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். வாத்தியார் பயப்படவில்லை. ஆளைத் தெரியும் அல்லவா அவருக்கு, நேரே லாடக்காரரிடம் போனார்.

“நீங்களே சொல்லுங்க. நடுவில் பேசினீங்களா, இல்லையா?”

லாடக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் நாலு பேர் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவர் தோள்மேலே, வாத்தியார் கீழே அண்ணாந்து பார்த்தபடி. திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். அந்தச் சந்தடியில் வாத்தியார் கழுத்திலிருந்த விசிலைக் கயிறோடு பிடுங்கினது நான்தான். வேறு யாரோ என்று எழுதலாம், எழுதி என்ன ஆகப்போகிறது.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி, அந்த ஒரு பாட்டை மட்டும் எட்டாம் நாள் சாயங்காலம் மறுபடி ஆடுவது என்று முடிவு செய்தார்கள். அதுவரை கிடா பொது ஆள் ஒருவர் வீட்டில் கட்டிக் கிடந்தது.

அந்த எட்டு நாளில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளை போகவில்லை. வாத்தியார் குடியிருந்த வீட்டுக்காரர், “வூட்டக் காலி பண்ணுங்க, கூரை மாத்தோணும்” என்றார். நாங்கள் அதோடு விடவில்லை. வாத்தியார் ஒரு பக்கம் சாய்கிறவர், ஊருக்குள் கலகம் மூட்டுகிறவர், இவர் இங்கே வேண்டாம் என்று மேலே ஒரு மனு அனுப்புவது என்று தீர்மானம் செய்தோம். பிள்ளையில்லாத பள்ளிக்கூடமும் ஊர் மனுவும் சேர்ந்தால் அவர் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். எழுத ஆள் வேண்டுமே. நான் இருந்தேன். கடையில் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். அதில் சுழியையும் கொம்பையும் திருத்திக் கொடுத்தவர் அந்த வாத்தியார்தான். அவர் திருத்தின எழுத்திலேயே அவர்மேல் மனு எழுதினேன். தப்பில்லாமல் எழுதினேன்.

கைநாட்டு வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றினோம். வேப்பமரத்தடிக்கும் போனோம். அவர் ஒரு மயிலைக்காளையைச் சாய்த்துப் போட்டிருந்தார். வாயில் ஆணி.

“முக்கியமா உங்க கைநாட்டு வேணுமுங்க. நீங்க பேசலைன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா, மனுவுல சேத்துக்கறேன். பேசலைதானுங்களே?”

சுத்தி நின்றது. உள்ளங்கை வாய்க்குக் கீழே வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓர் ஆணியை எடுத்தார், வைத்தார், அடித்தார். அடுத்ததை எடுத்தார். எல்லா ஆணியும் தீர்ந்த பிறகும் வாய் மூடியே இருந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம். என்கூட வந்தவன், “பாவம், மனசு நொந்து கெடக்குறாரு” என்றான். நானும் ஆமாம் என்றேன்.

அவர் சம்சாரம் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டது. “ஏந்தம்பி, நீ அங்கதான உக்காந்திருந்த? என் தம்பி இவருகிட்ட என்னமோ கேட்டானாமே. அந்தூர்லருந்து மோர் விக்க வந்தவ சொல்றா, ‘அக்கா சொகமா’ன்னு கேட்டானாம். நெசமா?”

“எனக்குக் காதுல வுழலீங்க.”

“இந்த மனுசனக் கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கறாரு. ஊருல போறவன் வாறவனுக்கெல்லாம் பதில் சொல்றவரு, பொண்டாட்டிக்குச் சொன்னா வாய்ல இருக்கற முத்து கொட்டிப் போயிருமா? கேட்டானா இல்லியா, அத்த மட்டுந்தான கேக்கறேன்.” கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டு அந்தம்மா நின்றது. “கேக்கலைன்னாலும் கேக்கலைன்னு சொல்லிட்டாத் தேவல.”

நான் குடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் சாயங்காலம். பொட்டல் முழுக்கத் தலை. கொஞ்சம் தள்ளி வேலியோரத்தில் வாத்தியார் குடையோடு நின்றார். அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அவருக்குப் பதிலாகச் சந்தையில் இருந்து ஒரு பொது ஆளைக் கொண்டுவந்திருந்தோம். நான் பிடுங்கின விசில் இப்போது அவர் கையில். அன்று செத்த ஆறு பேரும் அதே வரிசையில் அதே இடத்தில் உட்கார்ந்தோம். மனு என் சட்டைப் பையில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் நேரே கடத்தூர் போய்த் தபாலில் போடுவதாக ஏற்பாடு.

எதிர்ப்பக்கம் நெட்டையனும் மச்சினனும். பம்பை அடிக்க ஆரம்பித்தது. லாடக்காரர் நடுக்கோட்டுக்கு வந்தார். கையை உயர்த்திப் பம்பையை நிறுத்தச் சொன்னார்.

“ஒரு வார்த்தைங்க. அன்னிக்கு என் மாப்ள என்னக் கேட்டாருங்க, ‘மாமா, அக்கா சொகமா’ன்னு. ‘சொகமுங்க மாப்ள’ன்னு நான் சொன்னனுங்க. பாட்டு அங்கயே அறுந்துபோச்சுங்க. வாத்தியாரு ஊதுனது சரிங்க.”

“யோவ், கிறுக்கா ஒனக்கு?” எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கத்தினார். “மொதல்ல பாடிட்டு வா. ஜெயிச்சுப்போட்டு அப்பறம் பேசிக்கலாம்!”

“ஜெயிச்சுப்போட்டுச் சொன்னா யாருங்க கேப்பீங்க?”

எதிர்ப்பக்கம் சிரிப்பு. எங்கள் பக்கம் ஒருவன் எழுந்தான். “அவன் சூது பண்ணித்தான கேட்டான்! மூச்ச அறுக்கத்தான கேட்டான்!”

“சூதோ பாசமோ, அது அவரு மனசுக்குத் தெரியுமுங்க. கேட்டதுல தப்பில்ல. ஆட்டத்துல பதில் சொன்னது நானு. அதுக்கப்பறம் வாத்தியாரு என் மொகத்தப் பாத்துக் கேட்டாரு. அப்ப சொல்லாம இருந்ததும் நானு. தோள்மேல ஒசரமா இருந்ததுங்க, எறங்க மனசு வர்ல. எட்டு நாளா அவரு வூட்ல அடுப்பு எப்பிடி எரிஞ்சுதோ எனக்குத் தெரியாது. எல்லாம் என்னாலதானுங்க. ஆச்சுங்களா, அதனால இன்னிக்கு நான் பாடிப் போறதா இல்லீங்க.”

பரிசுக்கென்று கொண்டுவந்து கட்டியிருந்த கிடா ஒரு தடவை கத்தியது. பெண்கள் நின்ற பக்கம் ஒரு தலை முன்னால் வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே மச்சினனைப் பார்த்தார்.

“ஒங்கக்கா அதா நிக்கறா மாப்ள. இனிமே அவளயே கேட்டுக்குங்க. எனக்கு இன்னொருக்கா சாவ முடியாது.”

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டது. மச்சினன் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

லாடக்காரர் பொது ஆளிடம் கையை நீட்டி விசிலை வாங்கினார். கூட்டம் தானாக வழிவிட்டது. வேலியோரம் வரைக்கும் நடந்துபோய், “அன்னிக்குக் கேட்டீங்களே, பேசினீங்களா இல்லையான்னு. பேசினனுங்க. ஊதுங்க” என்றார். வாத்தியார் விசிலைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊதினார். சின்னதாகத்தான் ஊதினார்.

லாடக்காரர் திரும்பி நடந்தார். நடுக்கோட்டுக்குப் போகவில்லை. நேரே புளியமரத்துப் பக்கம் எங்கள் வரிசைக்கு வந்து, என் முன்னால் நின்றார். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி” என்றார். தள்ளினேன். ஏழாவது ஆளாக உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்தது. “அந்தக் காகிதத்தயும் இப்பிடிக் குடுங்க” என்று, ஆணிகளை உமிழ்ந்து வாங்கிக்கொள்ளும் அந்த உள்ளங்கையை என் முன்னால் விரித்தார்.